காண்டானா இங்கிலீஷ்ல என்ன சொல்வீங்க?

சின்னதா ஒரு டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். விரல் விட்டு எண்ணினால் போதும். 'ஆங்க்ரி' என்ற ஒற்றை ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் எத்தனை வார்த்தை தெரியும் உங்களுக்கு?

கோபம், சினம், ஆத்திரம், எரிச்சல், கடுப்பு, சீற்றம், ஆவேசம், வெறி, வன்மம், ரோஷம்... பத்து விரலும் காலியா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து ஆளா இருந்தா 'காண்டு' ஒண்ணைக் கூடச் சேர்த்துக்கோங்க. பதினொண்ணு!

இப்போ டெஸ்ட்டோட ரெண்டாவது பாதி. இந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம். 'ஆங்க்ரி'... 'வெரி ஆங்க்ரி'... 'வெரி வெரி ஆங்க்ரி'... அவ்வளவுதான், வண்டி நின்னுடுச்சு!

"அதனால இன்னா பாஸ், கோவம் கோவந்தானே? எந்த வார்த்தையில சொன்னா என்ன?" என்று கேட்கிறீர்களா? நிறைய நஷ்டம் இருக்கு. அதிலும் வடசென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நஷ்டம். அதுதான் இந்த வார மேட்டர்.

ஸ்பானிஷும் வயிற்றுக்கடுப்பும்

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஸ்பானிஷ் கற்றுக்கொள்பவர்களும் முதல் வருஷமே இதில் முட்டிக்கொள்கிறார்கள். அங்கேயும் கோபத்துக்குப் பஞ்சமில்லை. சாதாரணக் கோபத்துக்கு ஸ்பெயினில் 'என்ஃபாதோ' என்பார்கள். கடல் தாண்டி மெக்சிகோ, அர்ஜென்டினா போனால் அதுவே 'எனோஹோ'. மதுரையில் 'கோவம்', நம்ம ஏரியாவில் 'காண்டு' என்கிற மாதிரி! 'ஈரா' என்பது கொஞ்சம் கனமான வார்த்தை. கிறிஸ்தவ மரபு சொல்லும் ஏழு பெரும் பாவங்களில் ஒன்றான கடுங்கோபத்துக்கு அதுதான் பெயர். இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் 'ஆங்கர்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடலாம். ஆனால் சில வார்த்தைகள் அந்த மூட்டைக்குள் அடங்காது.

'ராபியா' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, கட்டுக்கடங்காத கோபம். இன்னொன்று, வெறிநாய்க்கடி நோய். நம்ம 'வெறி'யை நினைத்துப் பாருங்கள். நாய்க்கும் வெறி, மனுஷனுக்கும் வெறி. ஸ்பானிஷ்காரருக்குத் தமிழின் 'வெறி'யை விளக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அடுத்தது 'கோலெரா'. இதற்கும் கோபம் என்றுதான் அர்த்தம். ஆனால் காலரா நோய்க்கும் அதே வார்த்தைதான்! முன்னால் பெண்பால் அடைமொழி போட்டால் கோபம், ஆண்பால் போட்டால் நோய். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1985-ல் எழுதிய புகழ்பெற்ற காதல் நாவலின் தலைப்பில் இந்த வார்த்தை வருகிறது. இலக்கணப்படி அங்கே அது நோய்தான். ஆனாலும் படிக்கிறவர் காதில் கோபமும் லேசாக ஒலிக்கும். 1988-ல் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது தலைப்பில் காலரா மட்டும் மிஞ்சியது, கோபம் கழன்று விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் மேல் தப்பு இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் அந்த இரட்டை வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் தமிழில் இருக்கிறதே! 'கடுப்பு' என்கிறோம். பஸ் வரலைன்னா கடுப்பு. நண்பன் ரெகார்ட் நோட்டை வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலைன்னா செம கடுப்பு. அதே வார்த்தைதான் வயிற்றுக்கடுப்பிலும் இருக்கிறது. ரொம்ப நேரம் நின்றால் "கால் கடுக்குது" என்கிறோமே, அதிலும் இருக்கிறது. 'எரிச்சல்' என்பதும் அப்படியே. கண்ணும் எரியும், மனசும் எரியும். மாட்ரிட்டில் இருப்பவரும் மாதவரத்தில் இருப்பவரும் கோபத்தை உடம்பில் வந்த நோவாகத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள்.

கோபமும் கடிகாரமும்

தமிழ் வார்த்தைகளில் இன்னொரு விசேஷம் உண்டு. கோபம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையும் அவை சேர்த்தே சொல்லிவிடும்.

'ஆத்திரம்' ரொம்ப அவசரக்காரர். "ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்கிறோமே, அதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழி கோபக்காரனை மட்டுமல்ல, அவசரக்காரனையும் சேர்த்துத்தான் குட்டுகிறது. 'வன்மம்' நேர்மாறு. வருஷக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கும், வெளியே சிரிக்கும். நம்ம 'காண்டு' இரண்டு வேலையும் பார்க்கும். "காண்டாயிட்டான்" என்றால் இந்த நிமிஷத்துக் கோபம். "அவனுக்கு உம்மேல காண்டு" என்றால் ரொம்ப நாள் சமாச்சாரம், கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும்.

காதலர்களுக்கென்றே தனிக் கோபம் இருக்கிறது. 'ஊடல்'. திருக்குறளில் முப்பத்தோராவது அதிகாரம் வெகுளாமை, அதாவது கோபப்படாமல் இருப்பது. அதே புத்தகத்தின் கடைசி அதிகாரம் ஊடல் உவகை. கோபித்துக்கொள்வதில் உள்ள சந்தோஷம்! எந்தக் கோபம் கூடாது, எந்தக் கோபம் ஓகே என்பதில் வள்ளுவர் படு தெளிவு. இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் 'சல்க்கிங்' என்று ஆகி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. ஊடலுக்கு வந்த சோதனை!

வெகுளி எங்கே போச்சு?

"அவன் ஒரு வெகுளிப்பா, எதுவும் தெரியாது." இப்படி யாரைச் சொல்வோம்? சூதுவாது தெரியாத அப்பாவியை. ஆனால் பழந்தமிழில் வெகுளி என்றால் கோபம். கோபத்தின் பெயரே இன்று கோபம் வராதவனுக்குப் பட்டமாகிவிட்டது.

திருக்குறளை ஜி.யு.போப் 1886-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சில குறளில் சினம் என்கிறார், சில குறளில் வெகுளி என்கிறார். போப் பல இடங்களில் இரண்டுக்கும் சேர்த்து 'ராத்' என்ற ஒரே வார்த்தையை வைத்தார். இரண்டு அண்ணன் தம்பிக்கு ஒரே ரேஷன் கார்டு.

அந்த அதிகாரத்தின் முதல் குறள் சொல்வதைக் கவனியுங்கள். தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவன்தான் உண்மையில் கோபத்தை அடக்குகிறவன் என்கிறது. கோபம் எடுபடாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்றும் கேட்கிறது. அதாவது "கோபத்தைக் குறை" என்ற அட்வைஸ் முதலில் போக வேண்டிய விலாசம் மேலதிகாரி, முதலாளி, பெரிய மனுஷன். ஆனால் நடைமுறையில் அந்த அட்வைஸ் யாருக்குக் கிடைக்கிறது? கியூவில் நாலு மணி நேரம் நின்றவருக்கு!

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைப் பட்டியல் போட்டு, வெகுளியையும் அதில் வைக்கிறது. அத்தோடு விடவில்லை. வெகுளி எதனால் வரும் என்று நாலு காரணத்தையும் சொல்கிறது. ஒருவர் உடல் உறுப்பை வெட்டுதல், குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், கொலை.

கவனிச்சீங்களா? "கோபம் வந்தால் முகம் சிவக்கும், குரல் உயரும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 'உனக்கு யார் என்ன செய்தார்கள்?' என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் கோபத்தைப் பார்க்கிறது. காரணத்தை வெட்டிவிட்டுக் கோபத்தை மட்டும் எடுத்துக் காட்டினால், கோபப்பட்டவன் கிறுக்கன் மாதிரி தெரிவான். இந்த ஒரு பாயிண்டை மனசில் வையுங்கள். இப்போ எண்ணூருக்குப் போவோம்.

கடலுக்கு வந்தா சீற்றம்

காசிமேட்டில் வானிலை அறிக்கை என்பது சோறு போடும் விஷயம். ஆங்கில அறிக்கையில் கடல் 'ரஃப்' அல்லது 'வெரி ரஃப்' என்று இருக்கும். ரஃப் என்றால் அலை இரண்டரை முதல் 4 மீட்டர் உயரம். வெரி ரஃப் என்றால் 4 முதல் 6 மீட்டர். சொரசொரப்பு, கரடுமுரடு என்று ரோட்டைச் சொல்வது மாதிரியான வார்த்தை. அதுவே தமிழ்ச் செய்தியில் 'கடல் சீற்றத்துடன் காணப்படும்' என்று மாறுகிறது. ஆங்கிலத்துக் கடல் கரடுமுரடாகிறது. தமிழ்க் கடல் பாம்பு மாதிரி சீறுகிறது, கோபப்படுகிறது.

அந்தச் சீற்றத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கொடி ஏற்றுகிறோம், படகைக் கரையில் கட்டுகிறோம், என்ன காரணம் என்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைப் பார்க்கிறோம். கடலின் கோபத்துக்கு அவ்வளவு மரியாதை!

கரையில் இருக்கிற மனுஷனுக்குக் கோபம் வந்தால்?

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டிக் கரை முழுக்கக் கறுப்பானது. அதை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மணலி பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, படகிலும் வலையிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம். உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த ராத்திரி கண்ணில் வந்தது எரிச்சல். மறுநாள் காலையில் மனசில் வந்ததற்கும் 'எரிச்சல்' என்றா பெயர் வைப்பது?

'பதற்றம் நிலவியது'

இது மாதிரி நேரங்களில் செய்திகளில் வழக்கமாக வரும் வார்த்தைகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

'பொதுமக்கள் ஆவேசம்.' ஆவேசம் என்ற வடசொல்லுக்கு உள்ளே புகுதல் என்று பொருள். சாமி வந்து ஆடுவதற்கும் அதுதான் பெயர். அப்படியானால் பேசுவது அந்த மனுஷர் இல்லை, அவருக்குள் புகுந்த வேறு ஏதோ ஒன்று! 'மீனவர்கள் கொந்தளிப்பு.' இது கடலிலிருந்து கடன் வாங்கிய வார்த்தை. அழகாகத்தான் இருக்கு. ஆனால் கடலுக்குக் கோரிக்கை கிடையாது, மீனவருக்கு உண்டு. 'அப்பகுதியில் பதற்றம் நிலவியது.' இதுதான் சூப்பர் ஸ்டார். பனி நிலவுவது மாதிரி பதற்றம் நிலவுகிறது. யாருக்கு, யாரால், ஏன் என்று எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 'டென்ஷன் பிரிவெயில்ட்' என்பார்கள். அங்கேயும் அதே மூடுபனி.

தொல்காப்பியத்தின் நாலு காரணத்தில் இரண்டாவதை மறுபடி பாருங்கள். குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல். வலையில் எண்ணெய் ஒட்டியவருக்கு வேறென்ன வார்த்தை வேண்டும்? இரண்டாயிரம் வருஷப் பழசு என்று நாம் பரணில் போட்ட புத்தகம் கேட்கிற கேள்வியை, நேற்றைய தலைப்புச் செய்தி கேட்க மறந்துவிடுகிறது.

வடசென்னைக்கு இதில் டபுள் நஷ்டம் என்று சொன்னேன் அல்லவா? சினிமா புண்ணியத்தில் நம்ம ஏரியா என்றாலே கத்தி, கோபம், ரத்தம். நம்ம பேச்சும் கொஞ்சம் சத்தம் கூட. "இன்னாமே, வெலய கேட்டுட்டு அப்டியே போறே?" என்று மீன் விற்கிற அக்கா கூப்பிட்டால், பக்கத்து ஊர்க்காரர் சண்டை என்று ஒதுங்குவார். நமக்குத் தெரியும், அது வியாபாரம், பாதி பாசம். 'பேஜாரு' என்ற வார்த்தையையே எடுங்கள். உருதுவின் 'பேஜார்' வழியாக வந்தது. சலித்துப்போனவன், வெறுத்துப்போனவன் என்று அர்த்தம். அவன் அசந்து போய்ச் சொல்வது வெளியாள் காதில் திட்டாக விழுகிறது. 2011-ல் தனுஷ் பாட்டு வழியாக உலகம் சுற்றிய 'கொலவெறி'க்கும் அதே கதிதான். காதலில் சொதப்பிய பையனின் புலம்பல், ஆங்கில விளக்கத்தில் 'மர்டரஸ் ரேஜ்' ஆனது. ஏதோ போலீஸ் கேஸ் மாதிரி!

சும்மா பேசினாலே கோபம் என்று நினைக்கிறவர்கள் காதில், நிஜமான கோபம் எப்படிக் கேட்கும்? "அவங்க எப்பவும் அப்படித்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காரணம் காணாமல் போகும். நஷ்டம் என்றது இதைத்தான்.

ரோஷத்துக்கு இங்கிலீஷ் என்ன?

ஸ்பானிஷில் ஒரு வார்த்தையைக் கடைசிக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். 'கொராஹே'. இதற்குத் தைரியம் என்றும் அர்த்தம், கோபம் என்றும் அர்த்தம். மெக்சிகோவில் சர்வசாதாரணமாகக் கோபத்துக்கு இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'கரேஜ்' இதன் உடன்பிறப்புதான். ஆனால் ஆங்கிலத்தில் தைரியம் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு வார்த்தை 'இந்திக்னாசியோன்'. ஆங்கிலத்தில் 'இண்டிக்னேஷன்'. 2011 மே 15-ம் தேதி ஸ்பெயின் முழுக்க இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாட்ரிட் நகரின் மையச் சதுக்கத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். வேலை இல்லை, அரசியல்வாதிகள் மேல் நம்பிக்கை இல்லை. உலகம் அவர்களை 'இந்திக்னாதோஸ்' என்று அழைத்தது. சும்மா கோபக்காரர்கள் இல்லை. அந்த வார்த்தையைப் பிரித்தால் உள்ளே 'டிக்னிட்டி' இருக்கிறது. கண்ணியம், மானம். மானம் சீண்டப்பட்டதால் வந்த கோபம்.

தமிழில் இதற்கு 'அறச்சீற்றம்' என்று எழுதுகிறோம். நல்ல வார்த்தை, ஆனால் மேடையில்தான் அதிகம் கேட்கும். தெருவில் கேட்பது வேறொன்று. ரோஷம்! வடமொழியில் ரோஷம் என்றால் வெறும் கோபம்தான். தமிழுக்கு வந்த பிறகு அதோடு மானமும் சேர்ந்துகொண்டது. "ரோஷக்காரன்" என்றால் சும்மா கத்துகிறவன் இல்லை, அவமானத்தைப் பொறுக்காதவன். மாட்ரிட் மாணவர்களின் வார்த்தைக்கு சரியான தமிழ், நம்ம பாட்டி சொல்லும் "மானம் ரோஷம் இல்லையாடா?"வில் இருக்கிறது. பாரதியும் தன் புதிய ஆத்திசூடியில் 'ரௌத்திரம்' என்பதைப் பழகவேண்டிய பாடங்களில் ஒன்றாக வைத்தார். பழகுவது என்றால் பயிற்சி. கத்துவதற்குப் பயிற்சி தேவையில்லையே!

பயிற்சிக்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமா? பெரம்பூர். பின்னி கம்பெனியின் பக்கிங்காம் - கர்நாடிக் மில். மதியம் சாப்பிடக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது அங்கே தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. அந்தக் குறைகளை செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் பி.பி.வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். மில் இன்று இல்லை. ஆனால் அவர்கள் செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. 'காண்டா இருக்கு' என்பதை 'சாப்பிட நேரம் வேண்டும்' என்று மாற்றினார்கள். கோபம் கோரிக்கையானது.

டென்ஷன் ஆகாதீங்க

சரி, நமக்கு என்ன ஹோம்வொர்க்? முதலில் 'டென்ஷன்' என்ற வார்த்தைக்கு ஒரு மாசம் லீவு கொடுங்கள். நாம் கோபத்துக்கும் டென்ஷன் என்கிறோம், பயத்துக்கும் டென்ஷன் என்கிறோம். இன்டர்வியூவில் "ஐ காட் டென்ஷன் சார்" என்றால், எதிரே இருப்பவர் நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்வார். நீங்கள் சொல்ல வந்ததோ, "அநியாயத்தைப் பார்த்ததும் ரோஷம் வந்தது."

சின்னக் கடுப்புக்கு 'அனாய்ட்'. எரிச்சலுக்கு 'இரிட்டேட்டட்'. தலைகால் தெரியாத ஆத்திரத்துக்கு 'ஃபியூரியஸ்'. மனசில் கசந்து கிடக்கும் மனத்தாங்கலுக்கு 'ரிசென்ட்ஃபுல்'. மானத்தோடு வந்த கோபத்துக்கு 'இண்டிக்னன்ட்'. இந்த அஞ்சும் கையில் இருந்தால் 'வெரி வெரி'க்கு வேலையே இல்லை.

அப்புறம், கலெக்டருக்கு மனு எழுதினாலும் சரி, பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதினாலும் சரி, கோபத்தோடு மூன்று விஷயத்தைச் சேர்த்து எழுதுங்கள். யார் செய்தது, என்ன செய்தது, எனக்கு என்ன வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் 'பதற்றம் நிலவியது' என்று யாரும் உங்களை மூடுபனி ஆக்க முடியாது.

கடைசியாக ஒரு வார்த்தை. தமிழில் சூடான சோறு ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். மூன்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே வார்த்தை போதாது. சோறு தானாக ஆறிவிடும், விட்டுவிடலாம். ஆனால் புண் ஆற, முள்ளை எடுக்க வேண்டும். எண்ணூர்க்காரரின் கோபம் சோறு மாதிரியா, புண் மாதிரியா? நீங்களே சொல்லுங்க மச்சி.

அடுத்த வாரம் வேறொரு வார்த்தையோடு சந்திப்போம். அதுவரைக்கும்... காண்டாகுங்க, ஆனா காரணத்தோட!